மழையில் நனைந்தாலும் கைவிடாத வயர்லெஸ் இறைச்சித் தெர்மாமீட்டர்: வாங்கும் முன்னும் வாங்கிய முதல் வாரமும்

பெரிய தோள்பட்டைக் கறித்துண்டு ஒன்றை 110 டிகிரியில் புகையூட்டி முடிக்க 10 முதல் 14 மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் ஸ்மோக்கருக்கு (கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் மூடிய அடுப்பு) பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் சூடு இறங்கும், சமையல் நேரம் நீளும். வயர்லெஸ் தெர்மாமீட்டர் தேவைப்படுவது இதனால்தான். ஆனால் பெட்டியில் "வாட்டர்ப்ரூஃப்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி வாங்கிய பலருக்கு முதல் மழையிலேயே தெர்மாமீட்டர் போய்விடுகிறது. அந்த ஒரு சொல், சாதனத்தின் எந்தப் பாகத்துக்குப் பொருந்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் தேர்வில் பாதி வேலை.

இங்கே சொல்லும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

1. கடைக்குப் போகும் முன் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஸ்மோக்கரிலிருந்து நீங்கள் தூங்கும் அறை வரை எத்தனை மீட்டர், நடுவில் எத்தனை சுவர். ஸ்மோக்கர் கூரைக்கு அடியிலா, திறந்த வெளியிலா. அதன் உடல் தகரமா, தடித்த எஃகா, பீங்கானா. ஒரே நேரத்தில் எத்தனை துண்டுகள் வைப்பீர்கள். உங்கள் பகுதியில் இரவில் குளிர் எவ்வளவு இறங்கும்.

இந்த ஐந்தும் கையில் இல்லாமல் விளம்பரங்களைப் பார்த்தால் ப்ரோப் (கறிக்குள் குத்திச் சூட்டை அளக்கும் கம்பி) எண்ணிக்கையும் ஆப்பின் அழகும்தான் கண்ணில் படும். தேவையான ப்ரோப் எண்ணிக்கை எளிய கணக்கு: துண்டுக்கு ஒன்று, ஸ்மோக்கருக்குள் இருக்கும் காற்றின் சூட்டைப் பார்க்க ஒன்று. காற்றுக்கான ப்ரோப்பை யாரும் விடக் கூடாது. மூடியில் பதித்த முள் மீட்டர், கறி இருக்கும் கம்பி வலையின் மட்டத்திலிருந்து 10 முதல் 30 டிகிரி வரை வேறுபட்டுக் காட்டக்கூடும்.

2. கேபிள் உள்ளதா, கேபிளே இல்லாததா என்பதை முடிவு செய்யுங்கள்

சந்தையில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில், எஃகுக் கம்பி போன்ற ப்ரோப்பிலிருந்து கேபிள் வெளியே வந்து ஸ்மோக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்மிட்டரில், அதாவது அளவை ரேடியோ அலையாக அனுப்பும் பெட்டியில், செருகப்படும். வயர்லெஸ் பயணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்னொன்றில் ப்ரோப்புக்குள்ளேயே பேட்டரியும் ரேடியோவும் இருக்கும், முழு ப்ரோப்பையும் கறிக்குள் குத்திவிடலாம்.

இரண்டாவது வகையில் கேபிள் துளையே இல்லை என்பதால் மழைக்கு அதுவே சிறந்தது என்று தோன்றும். நீர் விஷயத்தில் அது உண்மை. வேறு மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

ரேடியோ எஃகுப் பெட்டிக்குள் இருப்பதால் அலை வெளியே வரத் திணறும். காற்றுத் துவாரத்தின் வழியாகவும் மூடி இடுக்கின் வழியாகவும்தான் கசிந்து வர வேண்டும். அதனால் பக்கத்திலேயே ஒரு ரிப்பீட்டர் (அலையை வாங்கி மறுபடி அனுப்பும் சாதனம்) வைக்க வேண்டியிருக்கும், பிறகு அந்த ரிப்பீட்டர் மழை தாங்குமா என்ற கேள்வி வரும்.

அடுத்தது சூட்டு வரம்பு. மின்னணுப் பாகங்கள் கறிக்குள் இருக்கும் முனையில்தான் உள்ளன. பெரும்பாலானவற்றில் அந்த முனையின் வரம்பு 100 டிகிரி அளவில்தான் இருக்கும். பிய்த்தெடுக்கும் பதத்துக்குத் தோள்பட்டைக் கறி 93 முதல் 96 டிகிரி வரை போக வேண்டும் என்பதால் இடைவெளி மிகக் குறைவு. ப்ரோப்பில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வரை கறிக்குள் இருக்க வேண்டும். கறி வேகும்போது சுருங்கும். ஆரம்பத்தில் கோடு வரை சரியாக மூடியிருந்த ப்ரோப் எட்டு மணி நேரம் கழித்து ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும். கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு விரல் அளவு உள்ளே தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது, காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் அதே ப்ரோப்பின் வால் பகுதியில் இருக்கிறது. ஈரமான, குளிர்ந்த கறியை ஒட்டியே நிற்பதால் முதல் சில மணி நேரம் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி நெருப்பைக் கூட்டினால் மேல்பக்கம் கருகிவிடும்.

திறந்த வெளியில் நீண்ட நேரப் புகையூட்டலுக்கு, புதிதாகத் தொடங்குபவர் கேபிள் உள்ளதை வாங்குவதே நல்லது. ப்ரோப் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

3. ஐபி எண்ணை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள்

தூசியும் நீரும் புகாமல் ஒரு சாதனம் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் குறியீடுதான் ஐபி எண். அதில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. எக்ஸ் என்று போட்டிருந்தால் அந்த இலக்கத்துக்கு மதிப்பீடு தரப்படவில்லை என்று பொருள்.

நீருக்கான இலக்கம் 4 என்றால் எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாய் கொண்ட குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சும் நீர். 6 என்றால் இன்னும் பெரிய வாய், நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருக்கலாம்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 7 வாங்கிய சாதனம் 5-ஐயும் 6-ஐயும் தானாகத் தாண்டியதாகாது. அமைதியான நீரில் மூழ்குவது வேறு, காற்றோடு சாய்ந்து அடிக்கும் நீர் வேறு. இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்களையும் போட்டிருப்பார்கள். திறந்த வெளிக்கு 5 அல்லது 6 உள்ள ட்ரான்ஸ்மிட்டரைத் தேடுங்கள். கூரைக்கு அடியில் என்றால் 4 போதும்.

சோதனை நிலைமைகளையும் மனதில் வையுங்கள். பீய்ச்சும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்கள் மழை இரவு முழுக்கப் பெய்யலாம். சோதனையில் சாதனம் புகைபோக்கியின் பக்கத்தில் சூடேறிக் கிடப்பதும் இல்லை. சூடான பெட்டியின் மீது திடீரென்று மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், உள்ளழுத்தம் குறையும், ரப்பர் வளையத்தின் ஓரத்தில் நிற்கும் நீரை அந்த அழுத்தக் குறைவு உள்ளே இழுக்கும். பெட்டியை ஸ்மோக்கரின் சூடு படாத இடத்தில் வைத்தாலே இந்த ஆபத்து பெருமளவு போய்விடும்.

இப்போது பாகங்கள். விளம்பரத்தில் வரும் ஐபி எண் பல நேரம் ப்ரோப்புக்கு மட்டுமே உரியது, அதாவது குழாயடியில் கழுவலாம் என்ற அளவுக்கே. ட்ரான்ஸ்மிட்டருக்கு எண் இருக்கிறதா, அந்த அலையை வாங்கிக் காட்டும், வீட்டுக்குள் இருக்கும் ரிசீவருக்கு இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள். ரிசீவருக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை. ட்ரான்ஸ்மிட்டருக்கு இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

அதற்கும் மேல் ஒரு கேள்வி: ப்ரோப் செருகியிருக்கும்போது அந்த எண் பொருந்துமா, ரப்பர் மூடிகள் எல்லாம் மூடியிருக்கும்போது மட்டுமா? நான்கு சாக்கெட்டில் இரண்டைப் பயன்படுத்தினால் மீதி இரண்டும் மூடியிருக்க வேண்டும். மூடி பெட்டியோடு இணைந்திருக்கிறதா, தனியாகக் கழன்று தொலையும் வகையா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாக்கெட் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருப்பது நல்லது. மேல்நோக்கித் திறந்த சாக்கெட், ரப்பர் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், நீரைத் தேக்கி வைக்கும் கிண்ணம்தான். யுஎஸ்பி துளைக்கும் இதே விதி. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எந்த ஐபி எண்ணுக்கும் அர்த்தமில்லை.

4. அலை உங்கள் அறை வரை வருமா?

தூரத்தைப் பற்றி எழுதப்படும் எண்கள் தடையில்லாத வெட்டவெளியில் எடுத்தவை. இரண்டு சுவர்களும் ஓர் எஃகு மூடியும் நடுவில் வந்தால் அதில் கால்பங்கு கிடைத்தாலே நல்லது என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அடுத்த அறைக்குப் போதும், மாடிக்குப் போதாது. வைஃபை உள்ளவை ரூட்டர் எட்டும் இடமெல்லாம் வேலை செய்யும், வெளியூரிலிருந்தும் பார்க்கலாம். பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். 2.4, 5 இரண்டுக்கும் ரூட்டரில் ஒரே பெயர் வைத்திருந்தால் முதல் இணைப்பு அடிக்கடி தோற்கும், ரூட்டரில் 5-ஐத் தற்காலிகமாக அணைத்துவிட்டு இணையுங்கள். இணையம் போனால் போனில் எச்சரிக்கையும் போகும் என்பது வைஃபையின் பெரிய பலவீனம்.

தனி ரிசீவரோடு வரும் ரேடியோ வகைகள் 433, 868 அல்லது 915 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அலைவரிசை தாழத் தாழ சுவரை ஊடுருவுவது எளிது. ரூட்டரும் வேண்டாம், போனும் வேண்டாம். இரவுப் புகையூட்டலுக்கு இதுவே நம்பகமானது. ஒரே எச்சரிக்கை: எந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளையும், உங்கள் நாட்டுக்கான சான்றுக் குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

5. ப்ரோப், கேபிள், பிளக்

ப்ரோப்புக்குள் இருப்பது பெரும்பாலும் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும் சிறு மணி அது. ஒரு தயாரிப்பாளரின் தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 100 கிலோ ஓம் இருக்கும், இன்னொருவருடையது வேறாக இருக்கும். பிளக் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மலிவான ப்ரோப்பை வாங்கிச் செருகிவிடுவார்கள். அது வேலை செய்வது போலவே தோன்றும், 15 டிகிரி தள்ளிக் காட்டும். மாற்று ப்ரோப்பை அதே தயாரிப்பாளரிடமிருந்து மட்டும் வாங்குங்கள்.

தெர்மிஸ்டருக்குப் பதில் கே வகை தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூட்டை அளக்கும் சென்சார்) உள்ளவற்றில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு தட்டைப் பின்கள் கொண்ட பொதுவான பிளக், பின்களில் ஒன்று அகலம், மற்றது குறுகல். எந்த நல்ல தயாரிப்பாளரின் கே வகை ப்ரோப்பும் பொருந்தும். விலை கூடும், ஆனால் ஐந்தாறு ஆண்டு வைத்திருக்க நினைப்பவர் இதைப் பார்க்கலாம்.

கேபிளுக்கு எஃகுப் பின்னல் உறை இருக்க வேண்டும். அது மூடியில் நசுங்குவதைத்தான் தடுக்கும், நீரைத் தடுக்காது. நீர் புகும் இடம், ப்ரோப்பின் எஃகுக் குழாயும் கேபிளும் சேரும் கழுத்து. படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். வெறுமனே நசுக்கிப் பிடித்த உலோக வளையம் மட்டும் தெரிந்தால் அது நீரைத் தாங்காது. சிலிக்கோன் உறையோ நிரப்பிய முத்திரையோ இருந்தால் நல்லது. கழுத்தில் ஈரம் புகுந்தால் தெர்மிஸ்டருக்குப் பக்கவழியாக மின்சாரம் கசியும், மின்தடை குறைந்ததாகத் தெரியும், அதனால் சூடு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். 60 டிகிரியில் இருக்கும் கறியை 95 என்று காட்டி அலாரம் அடிக்கும். வேகாத கறி தட்டுக்கு வருவது இப்படித்தான்.

கேபிளின் சூட்டு வரம்பையும் பாருங்கள். டெஃப்லான் உறையுள்ளது 260 டிகிரிக்கு மேல் சிதையும். 110-ல் புகையூட்டும்போது இது பிரச்சினை இல்லை. கேபிள் நேரடித் தணலுக்கு மேலே போனால் பிரச்சினைதான்.

6. பேட்டரியும் திரையும்

தொடர்ந்து ஓடும் நேரம், உங்கள் நீண்ட சமையலைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். குளிரில் எல்லா பேட்டரியும் தளரும். உறைநிலைக்குக் கீழே போகும் ஊராக இருந்தால், கழற்றி மாற்றக்கூடிய ஏஏ பேட்டரி போடும் வகை வசதி. அதில் லித்தியம் ஏஏ போட்டால் சாதாரண அல்கலைனைவிடக் குளிரைத் தாங்கும். உள்ளேயே பதித்த லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

ட்ரான்ஸ்மிட்டர் பெட்டிக்கு உகந்த சூடு பொதுவாக 50, 60 டிகிரி வரைதான். பின்னால் காந்தம் இருக்கிறதே என்று ஸ்மோக்கரின் உடலிலேயே ஒட்டிவிடாதீர்கள். திரை கறுத்துப் போவது முதல் அறிகுறி.

7. அலாரம் உங்களை எழுப்புமா

மூன்று அலாரங்கள் கட்டாயம். நீங்கள் குறித்து வைத்த சூட்டைக் கறி தொட்டதும் ஒன்று. ஸ்மோக்கரின் சூடு மேல் வரம்பைத் தாண்டினாலோ கீழ் வரம்புக்கு இறங்கினாலோ ஒன்று. விறகு தீர்ந்ததைச் சொல்வது கீழ் வரம்புதான், அது இல்லாத மாடல்கள் இன்னும் விற்கப்படுகின்றன. மூன்றாவது, தொடர்பு அறுந்தால் அடிக்க வேண்டிய அலாரம். இந்தக் கடைசி ஒன்று இல்லாத சாதனத்தில், மழையில் ட்ரான்ஸ்மிட்டர் செத்துப் போனாலும் திரையில் பழைய எண் அப்படியே நிற்கும், நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

ஆப் மூலம் வரும் அலாரம் என்றால், போனில் "தொந்தரவு செய்யாதே" நிலையை அது தாண்டுமா என்று பாருங்கள். பேட்டரியைச் சேமிக்கும் பெயரில் போன் ஆப்பை நிறுத்திவிடும், அந்த அமைப்பில் இந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

8. வாங்கும் முன் படிக்க வேண்டிய காகிதங்கள்

கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்னரே இறக்கி நான்கு இடங்களைப் படியுங்கள்: ஐபி எண் எந்தப் பாகத்துக்கு, இயங்கும் வெப்பநிலை, ப்ரோப்பின் துல்லியம், உத்தரவாதத்தின் விலக்குகள். துல்லியம் கறிக்கு ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது, காற்றுக்கு இரண்டு டிகிரி போதும். உத்தரவாதத்தில் "நீரால் ஏற்படும் சேதம் சேராது" என்ற வரி இருந்தால், பெட்டியில் போட்ட ஐபி எண்ணுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரோப்புக்கு உத்தரவாதக் காலம் பல இடங்களில் தனியாக, குறைவாக இருக்கும்.

கையேட்டில் ஐபி எண் இல்லை, விளம்பரத்தில் மட்டும் இருக்கிறது என்றால் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலை ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது சாதனத்தின் விலையோடு இரண்டு மாற்று ப்ரோப்களின் விலையையும், ஆப்புக்குச் சந்தா உண்டென்றால் மூன்று ஆண்டுச் சந்தாவையும் கூட்டுங்கள். மலிவாகத் தெரிந்த பல மாடல்கள் இந்தக் கூட்டலில் தோற்றுவிடும். மாற்று ப்ரோப்பே தனியாகக் கிடைக்காத மாடலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

9. திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் செய்ய வேண்டிய சோதனைகள்

பொருள் வந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். இதே வரிசையில் செய்யுங்கள், நீர்ச் சோதனை கடைசியில் வரட்டும்.

பனி: ஒரு கோப்பை நிறையப் பொடித்த ஐஸ், இடைவெளியை நிரப்பும் அளவு மட்டும் தண்ணீர். கலக்கி இரண்டு நிமிடம் விட்டு ப்ரோப்பின் முனையை நடுவில் பிடியுங்கள், கோப்பையின் சுவரைத் தொடக் கூடாது. 0 காட்ட வேண்டும். ஐஸ் மிதந்து அடியில் வெறும் தண்ணீர் தேங்கியிருந்தால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும், அது ப்ரோப்பின் குற்றமில்லை.

கொதிநீர்: கடல் மட்டத்தில் 100. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 1 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

தூரம்: ப்ரோப்பை ஸ்மோக்கருக்குள் வைத்து மூடி, ட்ரான்ஸ்மிட்டரை அதன் இடத்தில் வைத்து, படுக்கையறையில் ஒரு மணி நேரம் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே ட்ரான்ஸ்மிட்டரை அணைத்து, எத்தனை நிமிடத்தில் அலாரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீர்: கையேட்டில் உள்ள ஐபி எண் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும். ப்ரோப்களைச் செருகி, மீதி மூடிகளை அழுத்தி, பூவாளியால் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் தெளியுங்கள். துடைத்து, மூடிகளைத் திறந்து, ஒவ்வொரு துளையிலும் டிஷ்யூத் தாளைச் சுருட்டி நுழைத்து எடுங்கள். தாளில் ஈரம் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

10. மழை நாளில் வைக்கும் முறை

காற்றுக்கான ப்ரோப்பை வலையின் மட்டத்தில், கறியிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பானில் மாட்டுங்கள். கேபிள் ஸ்மோக்கரை விட்டு வெளியே வந்ததும் நேராக ட்ரான்ஸ்மிட்டருக்கு ஏற விடாதீர்கள். சாக்கெட்டைவிட ஒரு சாண் கீழே தொங்கி மறுபடி மேலேறும்படி வளைத்து விடுங்கள். கேபிள் வழியே ஓடி வரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்கு ஏறாது. இந்த ஒரு வளைவு இல்லாததால் நல்ல சாதனங்களும் நனைகின்றன.

ட்ரான்ஸ்மிட்டரை ஜிப் பையில் போட்டு மூட நினைத்தால் பையின் வாயைக் கீழ்நோக்கித் திறந்தே தொங்கவிடுங்கள். முழுக்க அடைத்தால் உள்ளேயே வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும்.

கறியின் சூடு 65-க்கும் 75-க்கும் இடையில் பல மணி நேரம் நகராமல் நிற்கும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் அது, தெர்மாமீட்டர் பழுதில்லை. ப்ரோப்பைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தாதீர்கள். பழுதைக் காட்டும் அடையாளம் வேறு: ஓரிரு நிமிடத்தில் 20 டிகிரி தாவுவது, இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் கோடுகள் வருவது.

அப்படித் தாவினால் வேறு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். பிரச்சினை ப்ரோப்போடு கூடவே வந்தால் கழுத்தில் ஈரம் புகுந்திருக்கிறது. மாற்று ப்ரோப்பைப் போட்டு அன்றைய சமையலை முடியுங்கள். நனைந்த ப்ரோப்பை, பிளக் முனை வெளியே இருக்கும்படி, 110 டிகிரி அடுப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து உலர்த்தி, ஆறியதும் மறுபடி பனிச் சோதனை செய்யுங்கள். 0 காட்டினால் மாற்று ப்ரோப்பாக எடுத்து வையுங்கள். காட்டாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றுக்குச் சொல்லி வையுங்கள்.